பாதி சோக்

எண்ணூர் விரைவுச் சாலையில்
துறைமுகத்துக்குக் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டும் ஓரத்தில்
டீசல் சிந்தியிருந்தது.
பார்த்தேன்.
வானவில் மாதிரி இருக்கே என்று நினைத்ததும்
நினைவிருக்கிறது.
அடுத்து ஒரு கிளீனர் பையனின் முகம்.
"யக்கா, எந்திரிக்காத, அப்டியே படு."
தலைக்கு அண்டக் கொடுத்த அவன் துண்டில்
பீடி வாசம்.

ஸ்டான்லியில் எலும்பு டாக்டர்
படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.
வலது காலுக்குள் ஒரு கம்பி, ஆறு திருகாணி.
நான் கேட்ட முதல் கேள்வி
நடப்பேனா என்பதில்லை.
பக்கத்தில் நின்ற யேசுரத்தினம்
தரையைப் பார்த்துக்கொண்டான்.

தண்டையார்பேட்டையில் மாடி வீடு.
கிடந்த மாதங்களில்
காது மட்டும் ஊர் சுற்றியது.
கொருக்குப்பேட்டை கேட் மூடினால்
எங்கள் சந்தில் புகுந்து போகும் வண்டிகள்.
செயின் தளர்ந்தது ஒன்று.
மூன்று பேரைச் சுமந்து முக்கியது ஒன்று.
இரண்டாவதிலேயே வீடுவரை போகும்
ஒரு சோம்பேறி.
யார் முகமும் தெரியாது,
எல்லார் கிளட்சும் தெரியும்.

பார்க்க வந்தவர்கள் ஆப்பிளோடு வந்தார்கள்.
புத்தூர் கட்டு கட்டியிருக்கலாம் என்றார்கள்.
பொம்பளைக்கு எதுக்கு ஆர்எக்ஸ் என்றார்கள்.
நாத்தனார், ஸ்கூட்டிக்குத் தவணை எவ்வளவு என்றுகூட
விசாரித்து வைத்திருந்தாள்.
ஆப்பிள் நன்றாக இருந்தது.

ஜெபசீலி வந்து முட்டியை மடக்குவாள்.
தொண்ணூறு வந்தா பஸ் ஏறலாம்,
நூத்திப்பத்து வந்தா கீழ உக்காரலாம்.
பல்லைக் கடித்தபடி
நான் அளந்துகொண்டிருந்தது
பிரேக் பெடலை.

வண்டியை வாங்க
வியாசர்பாடியிலிருந்து ஒருவன் வந்தான்.
புதுச் செருப்பு, அவசரம்.
ஏழு உதை. எட்டாவதில் செருப்பு கழன்றது.
பெட்ரோல் காக்கைத் திறந்து
சோக்கைப் பாதி தூக்கி
டேங்கின் இடது தோளில் இரண்டு தட்டு தட்டி
பத்து எண்ண வேண்டும். அப்புறம்தான் உதை.
மாடிப்படியில் உட்கார்ந்திருந்த நான்
சொல்லியிருக்கலாம்.
யேசுரத்தினம் என்னைப் பார்த்தான்.
அவனுக்கும் தெரியும்.
"என்ஜின் போச்சு போல தம்பி," என்றான்.

ஞாயிறு விடிவதற்கு முன்
கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு
பதினான்கு படி இறங்கினேன்.
வலது காலால் உதைக்க முடியாது.
வண்டிக்கு அந்தப் பக்கம், தப்பான பக்கம் நின்று
இடது காலைத் தூக்கினேன்.
டேங்கைத் தட்டியபோது
ஐந்து மாதம் கிடந்த வண்டி
காலியாக ஒலிக்கவில்லை.
பத்து எண்ணினேன்.
சந்து முழுக்க நீலப் புகை.

வேகம் ஒன்றுமில்லை, இருபத்தைந்து.
ஐஸ் உருகிச் சொட்டும் காசிமேட்டு மீன்வண்டி
என்னை முந்திப் போனது.
மணலியிலிருந்து அந்த முட்டை நாற்றம்.
அந்த இடம் வருவதற்கு முன்பே
முட்டிக்குத் தெரிந்துவிட்டது;
கம்பி குளிர்ந்தது.
பயம் இருக்கிறது, இல்லை என்று யார் சொன்னது?
பின்சீட்டில் ஒருபக்கமாக உட்கார்ந்து
என் தோளைப் பிடித்துக்கொண்டு வருகிறது.
தார் உலர்ந்து கிடந்தது.
ஒரு நாய் படுத்திருந்தது.

மூன்றாவது கியரில் ஓர் இடம் உண்டு.
அதிர்வெல்லாம் அடங்கி
இரைச்சல் ஒரே நூலாகிற இடம்.
அங்கே நான் யார் வீட்டு மருமகளும் இல்லை,
என் மேசையில் ஷிப்பிங் பில் இல்லை,
காலில் திருகாணிகூட
ஆறா ஐந்தா என்று எண்ணத் தோன்றாது.
ஏன் திரும்ப ஏறினாய் என்று கேட்பவர்களுக்கு
இதைச் சொல்ல முயன்று
பாதியில் விட்டிருக்கிறேன்.

எர்ணாவூரில் டீ.
கால் ஊன்றி, இறங்காமல்,
வண்டி மேலேயே வாங்கிக் குடித்தேன்.
"ஆஃப் பண்ணும்மா, பாய்லர் பக்கம் புகை வருது."
அணைத்தால் மறுபடி
அந்தத் தப்பான பக்கம் போய் நிற்க வேண்டும்.
"இருக்கட்டும்ணே," என்றேன்,
"இப்பதான் சூடாச்சு."